மாமன் சீரில் ஒரு துப்பாக்கி

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க தம்பி. உங்க முழங்கை பையில இடிக்குது. உள்ள இருக்கறது டிபன் பாக்ஸுன்னு நெனச்சீங்களா? ஸ்கோப்புங்க. துப்பாக்கி மேல மாட்டுற ஸ்கோப்பு. அட, எந்திரிக்காதீங்க! துப்பாக்கி எங்கிட்ட இல்ல, அது நேத்தே கோயமுத்தூருக்குப் போயிருச்சு. காத்துல சுடற துப்பாக்கிதான், லைசென்ஸெல்லாம் வேண்டாம். போட்டியில காகிதத்தைச் சுடறதுக்கு. படிச்ச புள்ளையாட்ட இருக்கீங்க, இதுக்குப் போயி இப்படி நடுங்கறீங்களே.

காரு சர்வீஸுல கெடக்குது. இல்லாட்டி நான் இந்த டப்பா பஸ்ஸுல ஏறுற ஆளில்ல. திருச்செங்கோட்டுக்கு வந்து ரிக் வண்டிக் குழந்தைவேலுன்னு கேட்டுப் பாருங்க, பால்காரன்கூட ஊட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவான். ரெண்டு போர்வெல் வண்டி ஓடுதுங்க. ஒண்ணு இங்க, ஒண்ணு மத்தியப் பிரதேசத்துல. அதை என்ற பையன் பரணிதான் பாத்துக்கறான். முப்பது வருசமா பூமியில ஓட்டை போடறவன்ங்க நான். என்கிட்ட வந்து ஒருத்தி குறி பாக்கறதைப் பத்திச் சொல்லித் தர்றா. அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வர்றேன்.

என்ற தங்கச்சி மல்லிகாவுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துல என்.சி.சி.ல சேர்ந்து துப்பாக்கியைத் தொட்டவ, அதோட விடல. ஈரோட்டுல ஒரு ரைபிள் கிளப்பு இருக்குதுங்க. சனி, ஞாயிறு ஆனா அங்க போயி நின்னுக்குவா. கிளப்புன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. தகரக் கொட்டாய், நாலு மேசை, ஒரு சொறி நாய். அங்க இருக்கறது எல்லாமே அரதப் பழசுத் துப்பாக்கி. ஆளு ஒசரத்துக்கு நீட்டமா, கம்பாட்ட. முன்னால ஒரு ஊசி, பின்னால ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த ஓட்டையில கண்ணை வச்சுக் கழுத்தை முறுக்கிட்டு நின்னுச்சுங்க புள்ளைங்க. எனக்குப் பாக்கவே கேவலமா இருந்துச்சு. குழந்தைவேலு தங்கச்சி பெத்த புள்ள ஸ்கோப்பு இல்லாத மொட்டைத் துப்பாக்கியில சுடறதான்னு.

அவ காலேஜுல சேர்ந்தப்ப மாமன் சீர் செய்யோணுமில்லீங்களா? அவ அப்பன் கூடப் பொறந்த அத்தைக்காரி ரெண்டு பவுன் சங்கிலி போட்டா. பெரிய மனசுதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சங்கிலி எந்த ஊட்டுலதான் போடல? நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? தாம்பாளத்துல தேங்கா, பழம், வெத்தலை, பட்டுச்சேலை, நடுவுல துப்பாக்கிப் பெட்டி! வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் வாயப் பொளந்துருச்சு. மாப்பிள்ளை தங்கராசு, மல்லிகா ஊட்டுக்காரர், அவரு பெட்டியைத் தொறந்து பாத்துட்டு, “ஏனுங் மச்சா, இது சுடுமுங்களா?”ன்னாரு. விசைத்தறி ஓட்டுற மனுசன், பாவம், வேற என்ன கேக்கத் தெரியும்?

விலையைக் கேளுங்க. கேளுங்கன்னா கேக்கோணும் தம்பி! துப்பாக்கி ஒண்ணரை லட்சம். ஸ்கோப்பு தனியா நாப்பதாயிரம். வெளிநாட்டுச் சரக்கு. நீளம் கம்மி, கனம் கம்மி, பெட்டியோட காரு சீட்டுல படுக்க வச்சா கொழந்தையாட்டப் படுத்துக்கும். கடைக்காரன் முதல்ல நீட்டத் துப்பாக்கியத்தான் எடுத்து எடுத்துப் போட்டான். “அண்ணா, போட்டிக்குப் பழகறவங்க இதுதான் எடுப்பாங்க, விலையும் பாதிதான்”னான். என்னைப் பாத்தா பாதி விலைக்கு வாங்கறவனாட்ட இருக்குதான்னு கேட்டேன். விலை ஏற ஏறக் குறி தப்பாதுன்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். கடை வச்சிருக்கான், அவனுக்குத் தெரியல.

ஒண்ணு மட்டும் உருப்படியா செஞ்சான். ஸ்கோப்பை மாட்டி, பின்னால காலி எடத்துல வச்சு நாலு தடவை சுட்டு, குறியைச் சரி பண்ணிக் குடுத்தான். ஸ்கோப்பு மேல ஒரு திருகு, பக்கத்துல ஒரு திருகு இருக்குதுங்க. மேல கீழ, எடம் வலம் நகத்தறதுக்கு. “சரி பண்ணிட்டேன் அண்ணா, இப்படியே விட்டுருங்க”ன்னான். அதை மட்டும் நான் மறக்கல. ஊட்டுக்கு வந்ததும் திருகு நிக்கற எடத்துல வெள்ளை மையில ஒரு கோடு போட்டு வச்சுட்டேன். யாரு தொட்டாலும் தெரிஞ்சுருமில்ல?

துப்பாக்கி என்ற ஊட்டுலதான் இருந்துச்சுங்க. சீர் குடுத்தது குடுத்ததுதான், ஆனா மல்லிகா ஊட்டு நெலவரம் உங்களுக்குத் தெரியாது. தறிப் பஞ்சு பறக்கற ஊடு. அங்க கொண்டு போயி வைக்க முடியுமா? அதனால சனிக்கெழமை காத்தால நானே எடுத்துட்டுப் போயி, நானே அவளைக் கூட்டிட்டுப் போயி, பொழுதோட நானே திருப்பிக் கொண்டாந்துருவேன். வந்ததும் முதல் சோலி ஸ்கோப்பைக் கழட்டறது. துப்பாக்கி கட்டிலுக்கு அடியில, ஸ்கோப்பு பீரோவுல, நகை இருக்கற தட்டுல, பட்டுத்துணியில சுத்தி. சனிக்கெழமை ஆச்சுன்னா மறுபடி எடுத்து மாட்டறது. ரிக் வண்டி ராடு மாட்டற கைங்க இது. ஸ்பேனரைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினா யானை வந்து இழுத்தாலும் அசையாது. எத்தனை தடவை கழட்டினேன், எத்தனை தடவை மாட்டினேன்னு கணக்கே இல்ல. பெத்த புள்ளையக்கூட நான் அப்படிப் பாத்ததில்ல.

இத்தனை செஞ்சும் அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? சனிக்கெழமை கிளப்புக்குப் போனதும் முதல் ஒரு மணி நேரம் திருகைப் போட்டுத் திருகிக்கிட்டே இருப்பா. சுடுவா, திருகுவா, சுடுவா, திருகுவா. கேட்டா, “குறி மாறியிருக்குது மாமா.” ஒரு வாரமா பீரோவுக்குள்ள பூட்டி வச்சது, சாவி என்ற இடுப்புல, எப்படி மாறும்? யாரு வந்து மாத்துனா? சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும் திருகையெல்லாம் பழையபடி வெள்ளைக் கோட்டுக்கே திருப்பி வச்சுருவேன். கடைக்காரன் வச்ச எடத்துக்கு. சின்னப் புள்ளைங்க பண்ற கோளாறை நாமதானே சரி பண்ணோணும்?

அவ சுடற லட்சணத்தையும் சொல்றேன். காகிதத்துல கறுப்பு வட்டம் இருக்கும், அதுக்கு நடுவுல சுடோணும். இவ அஞ்சு குண்டு சுட்டா, அஞ்சும் ஒரே எடத்துல போகுது. ஒண்ணு மேல ஒண்ணு, ஒரு ரூவாய்க் காசை வச்சு மூடிரலாம். ஆனா எங்க? வட்டத்துக்கு எடப் பக்கம், கீழ! அஞ்சும் அங்கயே! நான் தலையில அடிச்சுக்குவேன். ஒரு தடவை தப்புப் பண்ணினா மனுசன். ஒரே தப்பை மாத்தாம அஞ்சு தடவை பண்ணினா அதுக்குப் பேரு என்னங்க? பக்கத்துல ஒரு பையன் சுடுவான், அவனுக்கு ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும், ஒண்ணாச்சும் நடுவுல விழும். அவனைப் பாத்துக் கத்துக்கோன்னு சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

அங்க ஒரு கோச்சு இருக்குது. சகாயமேரின்னு பேரு. ஸ்டேட் லெவல்ல சுட்டுச்சாமா. நெம்பத் திமிரு புடிச்ச பொம்பள. எங்கிட்ட வந்து, “சார், துப்பாக்கி நல்ல துப்பாக்கி. நான் குறை சொல்லல. தயவு செஞ்சு ஸ்கோப்பை மட்டும் கழட்டாதீங்க. ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் மயிரிழை நகந்துரும். இங்க மயிரிழை நகந்தா அங்க விரக்கடை தள்ளிப் போகும்”னுச்சு. நான் விடல. “ஏம்மா, கழட்டக் கூடாதுன்னா அவன் எதுக்குத் திருகாணி வச்சுக் குடுத்தான்? வெல்டு வச்சுல்ல குடுத்திருப்பான்? கழட்டி மாட்டற ஸ்கோப்புன்னு சொல்லித்தானே நாப்பதாயிரம் வாங்கினான்?”னு கேட்டேன். தலைய ஆட்டிட்டு அடுத்த மேசைக்குப் போயிருச்சு. பதில் இருந்தாத்தானே நிக்கறதுக்கு?

எடுத்துப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. இப்படிக் கண்ணை ஒட்டாம வச்சு... அந்த வெளம்பரப் பலகையில எழுத்துத் தெரியுதுங்களா? அதுல இருக்கற அந்தம்மா போட்டிருக்கற மூக்குத்தியே தெரியும்! அடியில மஞ்சளா ஒட்டியிருக்கறதா? அது சந்தனமுங்க. சொரண்டாதீங்க, சாமி காரியம். ஆயுத பூஜையில வச்சது. ரிக் வண்டி, கம்ப்ரசரு, லாரி, எல்லாத்துக்கும் பொட்டு வைக்கறப்ப இதுக்கும் வைக்கோணுமில்ல? சேர்த்து வச்சா ஒரு பொட்டுதான். அதனால கழட்டித் தனித்தனியா வச்சேன். துப்பாக்கிக்கு ஒரு பொட்டு, ஸ்கோப்புக்கு மேல ஒண்ணு, அடியில ரெண்டு, அது துப்பாக்கி மேல உக்கார்ற எடத்துல பட்டையா ஒண்ணு. எலுமிச்சம்பழம் அறுத்து ரெண்டு பக்கமும் வச்சு, பூசணிக்கா சுத்தி ஒடைச்சு, அன்னிக்கு என்ற ஊட்டுல துப்பாக்கிக்கு நடந்த பூஜை எந்த மகாராசன் ஊட்டுலயும் நடந்திருக்காது. சந்தனம் காஞ்சதும் அது மேலயே வச்சு இறுக்கிட்டேன். தொடைக்கல. சந்தனத்தைத் தொடைப்பாங்களா?

அதுக்கு அடுத்த வாரந்தான் சேலத்துல போட்டி. அது சும்மா போட்டி இல்லீங்க. கோயமுத்தூர்ல ஒரு டிரஸ்ட்டுக்காரங்க இருக்காங்க. நல்லாச் சுடற பொண்ணுங்க மூணு பேரை எடுத்து, ஆஸ்டல்ல வச்சு, காலேஜுக்கும் அனுப்பி, பயிற்சியும் குடுக்கறாங்க. எந்தத் துப்பாக்கியில சுட்டாலும் சரி, மார்க்கு வந்தாப் போதும். சேலத்துல ஒரு தடவை, கோயமுத்தூர்ல ஒரு தடவை, ரெண்டுல எதுல தேறினாலும் எடுத்துக்குவாங்க. வாணிக்கு அங்க போயிரோணும்னு ஒரே ஆசை. ராத்திரியும் பகலும் அதே பேச்சு. தங்கராசு மாப்பிள்ளை தீத்துச் சொல்லிப்போட்டாரு. “கெடைச்சாப் போகட்டும். கெடைக்கலீன்னா தை மாசம் கல்யாணம். படிச்சது போதும்.”

கல்யாண மாப்பிள்ளை யாருன்னு கேக்கறீங்களா? வேற யாரு, என்ற பையன் பரணிதான். முறைப் பொண்ணுங்க! என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ தோக்கோணும்னு நெனைக்கறவன் ரெண்டு லட்சத்தக் கொண்டு போயிக் கொட்டுவானா? ஜெயிச்சா சந்தோசம், தோத்தா என்ற ஊட்டுக்கு மருமகளா வரட்டும். ரெண்டுலயும் அவளுக்கு நல்லதுதானே? பரணிகிட்டச் சொன்னேன், “சரிங்கப்பா”ன்னான். அவளும் ஒண்ணும் சொல்லல. பொம்பளப் புள்ள ஒண்ணும் சொல்லலீன்னா சம்மதம்னுதானே அர்த்தம்? மல்லிகாதான் அன்னிக்கு அடுப்படியில உக்காந்து அழுதுட்டு இருந்தா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் அழுவை.

சேலத்துல என்ன ஆச்சுன்னா, படுத்துருச்சுங்க. திருகிச் சுட்டுப் பழகிப் பாக்கறதுக்கு அங்க நேரமே தரல. நேரா மேடைக்குக் கூட்டிட்டுப் போயி நிக்க வச்சுட்டாங்க. சுட்டா. அஞ்சும் ஒரே கொத்தா, வட்டத்தையே தாண்டி வெளிய. காகிதத்தோட மூலையில! கூட வந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. திரும்பி வர்றப்ப காருல வச்சு அவளை ஒரு புடி புடிச்சுட்டேன். “ரெண்டு லட்ச ரூவா சாமானத்தைக் கையில குடுத்தும் ஒரு காகிதத்தைச் சுடத் துப்பில்லையா? மொட்டைத் துப்பாக்கியில சுடற எச்சக்கலைங்ககூட உன்னைவிட மேல”ன்னு. அவ அழுவல. அந்தக் காகிதத்தை மடியில விரிச்சு வச்சு, அஞ்சு குண்டும் போன அந்த ஓட்டையில விரலை விட்டு விட்டுப் பாத்துட்டே வந்தா. சங்ககிரி வந்தப்ப, “என்ற கை நல்லாத்தான் இருக்குது மாமா”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எத்தனை கொழுப்பு பாருங்க.

ஆனா அதுக்கப்பறம் புள்ள திருந்திருச்சுங்க. அதைச் சொல்லோணும். சேலம் போட்டி முடிஞ்ச கொஞ்ச நாள்ல அவளே ஊடு தேடி வந்தா. வந்து, “மாமா, ஸ்கோப்பு நெம்ப விலை ஒசந்தது. கிளப்புல நாலு பேரு தொடறாங்க. நீங்களே பத்திரமா வச்சுக்குங்க. போட்டி அன்னிக்கு நீங்க கொண்டாந்து உங்க கையால மாட்டுங்க. துப்பாக்கிய மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன், சும்மா தூக்கிப் பழகறதுக்கு”ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. பொய் சொல்லல. இத்தனை நாளா இந்தப் புள்ளைக்குப் பொருளோட அருமை தெரியலையேன்னு இருந்தேன். தெரிஞ்சுருச்சு. ரெண்டு வாரமா அவளே பஸ்ஸு புடிச்சுக் கிளப்புக்குப் போயிட்டு வந்தா, என்னை அலைய விடல. நேத்து மல்லிகாவும் அவளும் அந்தக் கோச்சோட கோயமுத்தூர் போயிட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டி. நான் பன்னெண்டரைக்குள்ள போயிச் சேர்ந்து, நிதானமா மாட்டி, வெள்ளைக் கோட்டுல திருகை வச்சுக் குடுத்துட்டேன்னா முடிஞ்சுது. இன்னிக்குத் தேறலீன்னா வேற வழியில்ல, தை மாசம் மண்டபம் பாக்கறதுதான்.

பெருந்துறை தாண்டியாச்சா? இவன் ஓட்டற ஓட்டுக்கு மாட்டு வண்டியே தேவலை. ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி ஆளு ஏத்தறான் பாருங்க.

சித்த இருங்க, போனு அடிக்குது. மல்லிகாதான். எங்க வந்துட்டீங்கன்னு கேப்பா.

சொல்லு மல்லிகா. விஜயமங்கலம் வரப் போறேன். ஸ்கோப்பு மடியிலதான் இருக்குது, பதறாதே... என்ன சத்தம் அங்க? கை தட்டறாங்க?... என்னது?... எப்ப? காத்தாலயா? ரெண்டு மணின்னுதானே... எத்தனாவது?... ரெண்டாவதா! எடுத்துட்டாங்களா? நெசமாவா?... அட, என்ற சாமி... சரி, எதுல சுட்டா? ஸ்கோப்பு எங்கிட்ட இருக்குதே, எதுல சுட்டா?... ம்... ம்... அவகிட்டக் குடு போனை... சரி. சரி, பேசிட்டு இருந்தா இருக்கட்டும்... இல்லம்மா, நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்... ம். வச்சுரு.

கெடைச்சுருச்சுங்க. ரெண்டாவதா வந்துட்டாளாமா. எடுத்துக்கிட்டோம்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்களாமா, அடுத்த மாசம் ஆஸ்டல்ல சேரோணுமாமா.

கிளப்புல இருக்கற அந்த மொட்டைத் துப்பாக்கியில சுட்டாளாமா. ஊசியும் ஓட்டையும் வச்ச அந்தக் கம்புல. ரெண்டு வாரமா அதுலதான் பழகினாளாமா. அடிச்சது அத்தனையும் நடுவுல. அது எப்படிங்க? அந்தப் பழைய சாமானத்துல நடுவுல போகுதுன்னா, காகிதத்தைப் பக்கத்துல வச்சிருப்பாங்க. டிரஸ்ட்டுக்காரனுங்க என்ன அளந்தா பாக்கறானுங்க? இல்லீன்னா என்ற துப்பாக்கியத் தூக்கிப் பழகினதுல கை ஆடாம நின்னுருக்கும். ஆமா, அதுதான். அது இல்லாம இது எங்க வருது?

போட்டி ஒன்பது மணிக்கே ஆரம்பிச்சுருச்சாமா. நேரத்தை மாத்திட்டானுங்க பாருங்க. ஒரு வார்த்தை சொல்றானுங்களா? அந்தக் கோச்சு பண்ணின வேலையா இருக்கும். நேத்து ராத்திரி மல்லிகாகிட்டப் பேசினப்பகூட ரெண்டு மணின்னுதான் சொன்னா. வாணியும் ரெண்டு மணின்னுதான் சொன்னா. ரெண்டு பேருமே ரெண்டு மணின்னு, ஒரே மாதிரி...

பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா வாணி. போனுல கேட்டுது. சிரிச்சுட்டு இருந்தா. அவ பொறந்த நாள்ல இருந்து பாக்கறேன், அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லீங்க. எங்கிட்டப் பேச வரல. கூட்டாளிங்களோட இருக்காளாமா. “மாமா வெயில்ல வர வேண்டாம், அவிநாசியில எறங்கி அப்படியே ஊட்டுக்குத் திரும்பிரச் சொல்லு”ன்னாளாமா. பாசக்காரப் புள்ள. மாமனை வெயில்ல அலைய விடக் கூடாதுன்னு நெனைக்கறா.

இந்தப் பை ஜிப்பு எந்தப் பக்கம் இழுக்கறதுன்னே தெரியலீங்க. சந்தோசத்துல இருக்கும்.

நேரத்தை மாத்தித்தான் இருப்பானுங்க. இல்லீங்களா? நீங்க சொல்லுங்க தம்பி. இத்தனை நேரம் கேட்டுட்டுத்தானே வந்தீங்க? சொல்லுங்கன்னா, அந்தப் பக்கம் என்னத்தப் பாக்கறீங்க? அங்க வெறும் சோளக்காடு.